இடம் வாங்குமுன் மண்ணைப் பார்ப்பது: ஸ்கிரீனிங் போதுமா, ஃபேஸ் 1 வேண்டுமா, ஃபேஸ் 2 வரை போக வேண்டுமா?

அமெரிக்காவில் ஒரு கடை வளாகத்தையோ பழைய பட்டறையையோ உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட அன்றே, அதன் மண்ணுக்குள் இருக்கும் ரசாயனத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறீர்கள். 1980-இல் வந்த செர்க்லா சட்டம் (சூப்பர்ஃபண்ட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்) இன்றைய உரிமையாளரையும் பொறுப்பாளிகள் பட்டியலில் வைக்கிறது. அவர் தவறு செய்தாரா என்று பார்ப்பதில்லை. சட்டம் வருவதற்கு முன்பு கொட்டியதும் கணக்கில் வரும். மற்ற பொறுப்பாளிகள் திவாலாகியோ காணாமலோ போயிருந்தால் முழுச் செலவும் மிச்சமிருக்கும் ஒருவர் தலையில் விழலாம்.

2002-இல் இதற்கு ஒரு விலக்கு வந்தது. நல்லெண்ணத்தோடு வாங்குபவர் என்ற அந்தப் பாதுகாப்பின்படி, மாசு இருப்பது தெரிந்தே வாங்கினாலும் பொறுப்பு வராது. ஆனால் வாங்குமுன் சட்டம் சொல்லும் முறையில் விசாரித்திருக்க வேண்டும், வாங்கிய பிறகு சில கடமைகளைச் செய்துவர வேண்டும். 2002 ஜனவரி 11-க்குப் பிறகு கைமாறிய இடங்களுக்கு இது பொருந்தும்.

ஆகவே வாங்குபவர் முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாளைக்கு அரசு நோட்டீஸ் அனுப்பினால் காட்டுவதற்குக் கையில் கவசம் உண்டா என்பது ஒன்று. மண்ணில் உண்மையில் என்ன இருக்கிறது, அதை எடுக்க எவ்வளவு ஆகும் என்பது இன்னொன்று. சந்தையில் கிடைக்கும் ஆய்வுகள் (மேலோட்டமான ஸ்கிரீனிங், பதிவுகளையும் இடத்தையும் பார்க்கும் ஃபேஸ் 1, மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஃபேஸ் 2) எதுவும் இரண்டுக்கும் சேர்த்து முழுப் பதில் தராது. விலையையும் நாள் கணக்கையும் மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மலிவான வழிகள்

அடிமட்டத்தில் இருப்பது தரவுத்தளத் தேடல். முகவரியைக் கொடுத்தால், சுற்றுவட்டாரத்தில் அரசுப் பதிவுகளில் உள்ள கசிவுகள், டேங்குகள், கழிவு உற்பத்தியாளர்கள் எல்லாவற்றையும் வரைபடத்தோடு ஓரிரு நாளில் தந்துவிடுவார்கள். அதற்கு ஒரு படி மேலே டிரான்சாக்‌ஷன் ஸ்கிரீன். ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் இ1528 தரநிலைப்படி ஒரு கேள்விப் படிவம், இடத்தை ஒருமுறை நடந்து பார்ப்பது, கொஞ்சம் பதிவுத் தேடல். தகுதிபெற்ற சுற்றுச்சூழல் நிபுணர்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை.

இரண்டுமே செர்க்லா பாதுகாப்புக்குச் செல்லாது. வங்கி ஏற்றுக்கொள்கிறது என்பதால் சட்டமும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுதொழில் நிர்வாகத்தின் உத்தரவாதத்தோடு வரும் கடன்களில்கூட, ஆபத்து குறைந்த தொழில் என்றால் வெறும் கேள்விப் படிவத்தோடும் பதிவுத் தேடலோடும் விட்டுவிடுவார்கள். வங்கி பார்ப்பது தன் கடன் திரும்பி வருமா என்பதை. உங்கள் பொறுப்பு அதன் கவலை இல்லை.

தரவுத்தளத்தை மட்டும் நம்புவதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அபாயக் கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்தது 1980-இல். நிலத்தடி டேங்குகளுக்கான விதிகள் 1988-இல். 1975-இல் இடித்துத் தள்ளிய பெட்ரோல் பங்க் எந்த அரசுப் பட்டியலிலும் பெரும்பாலும் இருக்காது. அறிக்கை சுத்தமாக வரும், டேங்க் கீழேயே கிடக்கும். ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் கட்டடம் நிற்கும் எந்த வணிக இடத்துக்கும் இந்த வழிகளைப் பரிந்துரைக்க முடியாது. வெறும் அலுவலகமாகவே இருந்துவந்த புதிய கட்டடத்தில் ஒரு மாடியைக் குத்தகைக்கு எடுப்பவருக்கு இவை போதும்.

ஃபேஸ் 1 எதைத் தருகிறது

சட்டம் கேட்கும் விசாரணையைப் பூர்த்தி செய்வது ஃபேஸ் 1. இப்போது நடப்பில் உள்ள தரநிலை ஏஎஸ்டிஎம் இ1527-21. மத்தியச் சுற்றுச்சூழல் முகமை இதை 2023 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. ஒரு வருடம் கழித்து 2013-ஆம் ஆண்டுப் பதிப்பை விதியிலிருந்து நீக்கியது. இன்றும் பழைய வார்ப்புருவில் அறிக்கை தரும் கன்சல்டன்ட்கள் உண்டு. அட்டையில் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

உள்ளே நான்கு வேலைகள்: பதிவுகளை ஆராய்வது, இடத்தை நேரில் பார்ப்பது, ஆட்களை விசாரிப்பது, அறிக்கை எழுதுவது. மண்ணில் ஒரு துளைகூடப் போட மாட்டார்கள். பதிவுத் தேடலுக்குத் தூர அளவுகள் உண்டு. சூப்பர்ஃபண்ட் தளங்களுக்கு ஒரு மைல், கசிந்த டேங்குகளுக்கு அரை மைல், பதிவான டேங்குகளுக்கு அந்த இடமும் ஒட்டிய இடங்களும்.

ஆனால் ஃபேஸ் 1-இன் உயிர்நாடி வரலாற்றுத் தேடல். வான்வழிப் படங்கள், பழைய தெருக் கையேடுகள், நில அமைப்பு வரைபடங்கள், சான்போர்ன் தீக் காப்பீட்டு வரைபடங்கள் ஆகிய நான்கையும் கையில் கிடைத்தவரை பார்க்க வேண்டும் என்கிறது புதிய பதிப்பு. ஒட்டிய இடங்களுக்கும் சேர்த்து. முதன்முதலில் கட்டடம் வந்த காலம் அல்லது 1940, இரண்டில் எது முந்தியதோ அதுவரை பின்னோக்கிப் போக வேண்டும். சான்போர்ன் வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்கு ஐம்பது அடி அளவில் வரையப்பட்டவை. காப்பீட்டுக்காரருக்குத் தீப்பிடிக்கும் பொருள் எங்கே என்பதுதான் முக்கியம் என்பதால் பெட்ரோல் டேங்க் இருந்த மூலையைக்கூட அவற்றில் பார்க்கலாம். அரசுப் பட்டியல் மௌனமாக இருக்கும் பல இடங்களில் இதுதான் பேசும்.

தெருக் கையேட்டில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். உதாரணமாக, 1962 முதல் 1981 வரை அந்தக் கதவு எண்ணில் ‘கிளீனர்ஸ்’ என்று போட்டிருக்கும். துணியை வாங்கி வேறெங்கோ அனுப்பிய கடையா, உள்ளேயே இயந்திரம் வைத்து வெளுத்த இடமா என்று போட்டிருக்காது. முதலாவது என்றால் கவலை அவ்வளவாக இல்லை. இரண்டாவது என்றால் பெர்குளோரோஎத்திலீன் என்ற டிரை கிளீனிங் ரசாயனம் மண்ணில் இருக்கலாம். பழைய கட்டட அனுமதி, பாய்லர் அனுமதி, தீயணைப்புத் துறைக் கோப்பு ஆகியவற்றில் விடை கிடைக்கலாம். நல்ல கன்சல்டன்ட் அவற்றைக் கேட்டு எழுதுவார். சுமாரானவர் ‘தெளிவில்லை’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டு மதிப்பீட்டு விலைகளை ஒப்பிடும்போது அந்த வேறுபாடு விலைப் பட்டியலில் தெரியாது. ஏற்கெனவே செய்த ஒரு மாதிரி அறிக்கையை வாங்கிப் படித்தால் தெரியும்.

அறிக்கையில் கையெழுத்துப் போடுபவருக்கும் தகுதி வரையறை இருக்கிறது: பொறியியல் அல்லது நிலவியல் உரிமத்தோடு மூன்று வருட அனுபவம், அல்லது அறிவியல், பொறியியல் பட்டத்தோடு ஐந்து வருடம், அல்லது பட்டமில்லாமல் பத்து வருடம்.

முடிவுரையில் ‘ஆர்இசி’ என்ற மூன்றெழுத்து வரும். மாசு இருக்கிறது, அல்லது இருக்க வாய்ப்புண்டு என்பதற்கான அடையாளம் அது. ‘சி-ஆர்இசி’ என்றால் கட்டுப்பாடுகளோடு அரசு முடித்துவைத்தது. அந்தக் கட்டுப்பாடுகள் உங்களையும் தொடரும். ‘எச்-ஆர்இசி’ என்றால் கட்டுப்பாடில்லாமல் சுத்தமானது. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டு ஃபுளோரின் சேர்மங்கள் 2024 ஜூலை 8 முதல் செர்க்லாவின் அபாயப் பொருள்கள் ஆகிவிட்டதால், முலாம் பூசும் பட்டறை, தீயணைப்புப் பயிற்சிக் களம் போன்ற இடங்களில் அவற்றையும் பேசியிருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட், ரேடான், பூஞ்சை எல்லாம் தரநிலைக்கு வெளியே. வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

180 நாள் கணக்கு

விசாரணை முழுவதும் கைமாறும் தேதிக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். அதில் ஐந்து உறுப்புகள் 180 நாளுக்குள் இருக்க வேண்டும்: நேர்காணல், சுத்திகரிப்பு லீன் (சுத்திகரிப்புச் செலவுக்காகச் சொத்தின் மேல் வைக்கும் பிணை) தேடல், அரசுப் பதிவுத் தேடல், நேரடிப் பார்வை, நிபுணரின் உறுதிமொழி. எண்ண வேண்டியது அறிக்கைத் தேதியிலிருந்து அல்ல, இவற்றில் எது முதலில் நடந்ததோ அதிலிருந்து.

லீன் தேடல் பிப்ரவரி 20, தரவுத்தளம் மார்ச் 3, நேரடிப் பார்வை மார்ச் 10, கையெழுத்து மார்ச் 28 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 28-இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 24 வரை நேரம் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஆகஸ்ட் 19-ஓடு முடிந்துவிடுகிறது. கடன் தாமதமாகி க்ளோசிங் (சொத்து கைமாறும் நாள்) ஆகஸ்ட் 25-க்குத் தள்ளிப்போனால், லீன் தேடல் ஒன்றை மட்டும் புதுப்பித்தால் போதும். யாரும் கவனிக்காமல் விட்டால் கவசத்தில் ஓட்டை விழுந்துவிடும். இந்த லீன் தேடலைப் பல கன்சல்டன்ட்கள் தங்கள் வேலைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை, ‘வாங்குபவர் தருவார்’ என்று எழுதிவிடுவார்கள். வாங்குபவரோ வழக்கமான டைட்டில் பாலிசியில் (சொத்துரிமைக் காப்பீட்டில்) அதுவும் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். சுற்றுச்சூழல் லீனும் நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடும் வேண்டும் என்று டைட்டில் நிறுவனத்திடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

விற்பவரின் பழைய அறிக்கை

‘போன வருடம்தானே எடுத்தோம், இதையே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று விற்பவர் நீட்டுவார். ரிலையன்ஸ் லெட்டர் (அறிக்கையை நீங்களும் நம்பலாம் என்ற கடிதம்) தருகிறோம் என்று கன்சல்டன்டும் சொல்வார். அந்தக் கடிதத்தால் கன்சல்டன்ட் தவறு செய்திருந்தால் அவர்மேல் வழக்குப் போடும் உரிமை கிடைக்கும். ஆனால் காலாவதியான அறிக்கைக்கு அது உயிர் கொடுக்காது. வாங்குபவர் தன் பங்குக்குச் சொல்ல வேண்டிய விவரங்களும் (அந்த இடத்தைப் பற்றித் தனக்கு ஏற்கெனவே என்ன தெரியும், விலை சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் ஏன்) விற்பவருக்காக எழுதிய அறிக்கையில் இருக்காது.

பழைய அறிக்கையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அடுத்த கன்சல்டன்டுக்கு அது நல்ல மூலப்பொருள். வரலாற்றுத் தேடல் பாதி முடிந்திருக்கும். இரண்டு பழைய அறிக்கைகள் கிடைத்தால் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முந்தையதில் இருந்த ஒரு தரை வடிகால் பிந்தையதில் காணாமல் போயிருந்தால், கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

மண்ணைத் தோண்டும்போது

ஃபேஸ் 2-தான் இரண்டாவது கேள்விக்குப் பதில். நேரே இதற்குப் போய் ஃபேஸ் 1 செலவை மிச்சப்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். எங்கே தோண்டுவது என்பதைச் சொல்வதே ஃபேஸ் 1-தான். அது இல்லாமல் பார்க்கிங் நடுவில் நான்கு துளை போட்டு ‘எதுவும் இல்லை’ என்று வரும் முடிவுக்கு மதிப்பில்லை. சட்டக் கவசமும் கிடைக்காது.

ஃபேஸ் 1 சில ஆயிரம் டாலரில் மூன்று நான்கு வாரத்தில் முடியும். ஃபேஸ் 2 அதன் பல மடங்கு. டைரக்ட் புஷ் இயந்திரம் பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு, ஐந்து அடி நீளத் துண்டுகளாக மண்ணை எடுத்துத் தரும். உறையைக் கீறித் திறந்து, அரையடிக்கு ஒருமுறை, ரசாயன ஆவியை அளக்கும் பிஐடி மீட்டரைக் காட்டுவார்கள். எண் ஏறும் இடத்திலும், நிறம் சாம்பலாக மாறும் இடத்திலும், களிமண் தொடங்கும் விளிம்பிலும் மாதிரி எடுக்க வேண்டும். பெர்குளோரோஎத்திலீன் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். நிலத்தடி நீரையும் தாண்டி இறங்கிக் களிமண் மேல் தங்கும். பெட்ரோல் மிதக்கும், அதனால் நீர்மட்டத்தை ஒட்டித் தேட வேண்டும். டிரை கிளீனிங் இடத்தில் இயந்திரம் நின்ற இடம், பின்வாசல், தரை வடிகால், கழிவுநீர்க் குழாய் ஓடும் பாதை ஆகியவைதான் துளை போட வேண்டிய இடங்கள்.

தவறுகள் நடப்பதும் இங்கேதான். டேங்கின் அடி பன்னிரண்டு அடியில் இருக்க, எட்டடியோடு துளையை நிறுத்திவிடுவது. ஆவியாகும் ரசாயனத்துக்கான மண்ணைக் கரண்டியால் அள்ளிச் சாடியில் அடைப்பது. பாதி அங்கேயே ஆவியாகிவிடும். ஐந்து கிராம் அளவில் உருளைக் கருவியால் எடுத்து உடனே மூடி, 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்த வேண்டும். நீர் மாதிரியை நிரப்பும் 40 மில்லி குப்பியில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. தற்காலிகக் கிணற்றில் கலங்கல் தண்ணீரை அப்படியே எடுத்தால், மண் துகளோடு ஒட்டிய ஈயம் சேர்ந்து இல்லாத பிரச்சினையைக் காட்டும்.

லேப் அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால் பக்கத்துப் பத்தியில் உள்ள அறிக்கை வரம்பை (லேப் உறுதியாகச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவை) பாருங்கள். பென்சீனுக்குக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். மாதிரியை நீர்க்கவைத்ததால் அறிக்கை வரம்பு 25 ஆகியிருந்தால், அந்த ‘இல்லை’ எதையும் நிரூபிக்கவில்லை.

ஆவிச் சோதனையைப் பட்ஜெட்டுக்காக வெட்டுவது மோசமான சிக்கனம். பெர்குளோரோஎத்திலீன் ஆவி கான்கிரீட் தளத்தின் விரிசல் வழியாகக் கட்டடத்துக்குள் வரும். மண்ணும் தண்ணீரும் பரவாயில்லை என்று வந்த இடத்திலும் தளத்துக்கு அடியில் உள்ள காற்று மோசமாக இருக்கலாம். தளத்தில் சிறு துளையிட்டு, கசிவில்லை என்று ஹீலியத்தால் உறுதிசெய்து, உலோகக் கலனில் மெதுவாக இழுக்க வேண்டும்.

புதைந்த டேங்கைத் தேட ரேடார் போதும் என்று நம்பாதீர்கள். ஈரக் களிமண்ணில் ரேடார் ஆழம் போகாது. காந்த, மின்காந்தக் கருவியும் கூட வேண்டும். தோண்டுமுன், நிலத்தடிக் குழாய்களைக் குறித்துத் தரும் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைப்பது கட்டாயம். ஆனால் அவர்கள் குறிப்பது பொதுச் சேவைக் குழாய்களைத்தான். மனைக்குள் ஓடும் தனியார் குழாய்களுக்குத் தனி ஆள் பிடிக்க வேண்டும்.

மாநிலம் வேறு கணக்கு வைத்திருந்தால்

மேலே சொன்னது மத்தியச் சட்டம். செர்க்லாவில் பெட்ரோலியம் அடங்காது. அதனால் பழைய பங்க் ஒன்றை வாங்குபவருக்கு ஃபேஸ் 1 தரும் மத்தியக் கவசம் பெரிதாக உதவாது. அங்கே மாநிலச் சட்டமும் மாநில டேங்க் நிதியும்தான் பேசும். ஃபேஸ் 2 எண்கள்தான் பேரம் பேச உதவும்.

நியூ ஜெர்ஸியில் ஃபேஸ் 1 மட்டும் எடுத்துக்கொண்டு போனால் மாநிலப் பாதுகாப்பு கிடைக்காது. அங்குள்ள விதிப்படியான முதனிலை மதிப்பீடு தனி. அதோடு குறிப்பிட்ட தொழில் குறியீடுகளில் வரும் ஆலைகளை விற்பதோ மூடுவதோ 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே சுமை விற்பவர் பக்கம் இருப்பதால் வாங்குபவர் அதைப் பேரத்தில் பயன்படுத்தலாம். மிச்சிகனில் மாசுபட்ட இடத்தை வாங்குபவர், வாங்கிய 45 நாளுக்குள் அடிப்படைச் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்து மாநிலப் பாதுகாப்பைப் பெறலாம்; பெட்ரோலியத்துக்கும் பொருந்தும். அதற்கு மாதிரி எண்கள் வேண்டும் என்பதால் அங்கே ஃபேஸ் 2 ஏறக்குறைய தவிர்க்க முடியாதது.

ஆய்வுக்குப் பதில் பணம்?

மாசுப் பொறுப்புக் காப்பீடு எடுத்துவிட்டால் ஆய்வு எதற்கு என்ற வாதம் நிற்காது. காப்பீட்டாளரே ஃபேஸ் 1 கேட்பார். தெரிந்த மாசை விலக்கிவிடுவார். தெரியாததற்கு அது நல்ல துணை. விற்பவரின் ஈட்டுறுதியும் (இழப்பைத் தானே ஏற்பதாகத் தரும் உறுதியும்) அவர் நிறுவனம் உயிரோடு இருக்கும் வரைதான். ஒரே சொத்துக்காக உருவாக்கிய நிறுவனம் விற்பனை முடிந்ததும் காலியாகிவிடும். எஸ்க்ரோவில் (மூன்றாம் தரப்பு வசம்) நிறுத்திய பணம் இவற்றைவிட உறுதியானது. ஆனால் எவ்வளவு நிறுத்துவது என்று சொல்லவே ஃபேஸ் 2 வேண்டியிருக்கிறது.

எதை எடுப்பது

பண்ணை நிலம், காடு என்றால் அதற்கென்றே இ2247 என்ற தனித் தரநிலை இருக்கிறது. சாதாரண அலுவலகம், குடியிருப்புக் கட்டடம் என்றால் ஃபேஸ் 1 போதும். ஆர்இசி வந்தால் மட்டும் மேலே போகலாம். டிரை கிளீனிங், முலாம், இயந்திரப் பட்டறை, பழைய பங்க் ஆகியவற்றில் எந்தச் சாயல் தென்பட்டாலும் முதல் நாளிலிருந்தே இரண்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள். வழக்கமாக ஒப்பந்தம் ஆய்வுக்குத் தரும் 30 நாள் ஃபேஸ் 1-க்கே சரியாகப் போய்விடும். மாதிரி எடுக்க அனுமதியையும், ஆர்இசி வந்தால் இன்னும் 45 நாள் நீட்டிக்கும் உரிமையையும் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் பல விற்பவர்கள் மறுப்பார்கள். எண் கையில் வந்துவிட்டால் அரசுக்குச் சொல்ல வேண்டிய கடமை சில மாநிலங்களில் தங்கள் மேல் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

க்ளோசிங்குக்குப் பிறகும் வேலை உண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பழைய உரத் தொழிற்சாலை நிலத்தை வாங்கிய ஆஷ்லி என்ற நிறுவனம், வாங்குமுன் ஆய்வுகளைச் செய்திருந்தது. மேலே இருந்த கட்டடங்களை இடித்தபோது தரைக்குள் இருந்த பழைய கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் செய்து நிரப்பாமல் விட்டது. உரிய கவனம் எடுக்கவில்லை என்று நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் அதன் பாதுகாப்பை மறுத்தது. ஆகவே ஃபேஸ் 1 முடிந்ததும் கன்சல்டன்டிடம் இன்னொரு சின்னத் தாளையும் கேட்டு வாங்குங்கள்: வாங்கிய பின் எந்தத் தொட்டியை மூட வேண்டும், எந்த டிரம்மை அகற்ற வேண்டும், எந்தக் கிணற்றைச் சேதப்படுத்தாமல் காக்க வேண்டும், யாருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள். இடிப்பு வேலை எடுப்பவரின் ஒப்பந்தத்தோடு அந்தத் தாளை இணைத்துவிடுங்கள்.